ஊர் எங்கே முடிந்தது?

துபாயில் இருந்துவிட்டுத் திரும்பிய இரண்டு பேரைச் சென்னையில் ஓர் இடத்தில் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் வாக்குவாதம் வந்துவிடும். பெரிய விஷயத்துக்கெல்லாம் இல்லை. தேராவிலிருந்து எதிர்க்கரை பர்துபாய்க்கு, ஊரை இரண்டாகப் பிரிக்கிற கிரீக் என்கிற கழியைத் தாண்ட அப்ரா என்கிற படகில் எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு. என் பெரியப்பா 25 ஃபில்ஸ், அதாவது கால் திர்ஹாம் என்பார். நான் 50 என்பேன். சமீபத்தில் சுற்றிப்பார்க்கப் போய்வந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு திர்ஹாம் என்பார். மூன்று பேர் சொல்வதும் சரி, ஆனால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அந்த மரப்படகு இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. நடுவில் ஒரு நீளப் பலகை, முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவேண்டும், டீசல் புகை மூக்கில் ஏறும், படகு கரையைத் தொடுவதற்கு முன்பே ஆட்கள் தாவிவிடுவார்கள். கட்டணத்தைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, அதனால்தான் அதை வைத்துச் சண்டையாவது போட முடிகிறது. மற்ற எதைப் பற்றியும் சண்டை போட வழியே இல்லை. பெரியப்பா இருந்த ஊர் வேறு, நான் இருந்த ஊர் வேறு.

1975ல் துபாயின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 1,80,000தான். அன்றைய மெட்ராஸில் வடசென்னைப் பக்கம் நான்கைந்து பேட்டையைச் சேர்த்தால் வந்துவிடுகிற கூட்டம். 2005ல் அது 13 லட்சம். இப்போது 35 லட்சத்தைத் தாண்டியாகிவிட்டது. ஒரே ஆயுளுக்குள் இப்படி ஊதிப்போன ஊரைப் பற்றி 'அப்போ துபாய் எப்படி இருந்துச்சு' என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை. அதனால் நான் அங்கிருந்து வந்த யாரைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: நீங்க இருந்தப்போ ஊர் எங்கே முடிஞ்சுது? கட்டடம் நின்று மணல் ஆரம்பித்த இடம் எது? பதிலைக் கேட்டவுடன் அவர் எந்த வருஷத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

பெரியப்பா போனது 1974ல். எலக்ட்ரீஷியன். ரயிலில் பம்பாய், அங்கே ஏஜெண்ட் கூப்பிடுகிறவரை மாட்டுங்கா பக்கம் ஒரு கொட்டடியில் காத்துக்கிடப்பது, அப்புறம் கப்பல். கப்பலின் பெயர் துவாரகா. 1947ல் கட்டிய பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல், 1982 வரை பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. டெக்கில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரை தீர்ந்த பிறகு கப்பலில் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். இறங்கியதும் பெரிய ஏமாற்றமாம். 'ஃபாரின்னு சொல்லி அனுப்புனாங்க, வந்து பார்த்தா நம்ம ராயபுரமாட்டம் இருக்கு. அதே மீன் நாத்தம், அதே மரக்கப்பல், மூட்டை தூக்குறவன்தான் ஹிந்தியில திட்டுறான்.'

அவருடைய ஊர் தேரா பக்கம் கடிகாரக் கோபுர ரவுண்டபவுட்டோடு முடிந்தது. அதற்கு அப்பால் விமான நிலையம், அதற்கும் அப்பால் ஒன்றும் கிடையாது. பர்துபாய் பக்கம் சத்வாவோடு சரி. சப்கா பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அறை, சுவரோரம் முழுக்க அடுக்குக் கட்டில், முதல் வருஷம் ஏசி கிடையாது. ஜூன் மாதத்தில் மொட்டை மாடியில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்களாம், தூக்கம் வருவதற்குள் துணி காய்ந்துவிடும். ஆகஸ்டில் அந்தத் தொல்லை இல்லை, காற்றில் இருக்கிற ஈரத்திலேயே துணி, தலையணை, ஆள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புதான் வரும். எனக்கு வந்ததில்லை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரரின் பெட்டியில், சம்பளம் ஊரில் வாங்கிவந்த கடனுக்கு, திர்ஹாமுக்கு அன்றைக்கு இரண்டு ரூபாய் சொச்சம்.

கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லோரையும் போல அவரும் ஒரு பானாசோனிக் டேப் ரெக்கார்டர் வாங்கினார், கல்யாணத்துக்கு வந்தபோது இன்னொன்று வாங்கிவந்து பெரம்பூர் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கடிதம் குறைந்து கேசட் போக்குவரத்து ஆரம்பமானது. ஊருக்கு லீவில் வருகிற யாரோ ஒருவர் கொண்டுவருவார், திரும்பும்போது இங்கிருந்து ஒன்று போகும். கூட்டுக் குடும்பத்தில் புருஷனுக்கு கேசட்டில் பேசுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், சித்தப்பாக்கள் பொத்தானை அழுத்துவதற்குப் போட்டி போடுவார்கள், பெரியம்மா பேசியதில் முக்கால்வாசி 'இங்க எல்லாரும் சௌக்கியம், உடம்பப் பாத்துக்குங்க'தான். ஆனால் அந்த கேசட்டில் பெரியம்மாவை விட மற்றதுதான் அதிகம் இருக்கும். குக்கர் விசில். காக்கா. ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு. தெருவில் கீரைக்காரம்மா கத்திக்கொண்டு போவது. சப்கா அறையில் இருந்த மற்றவர்கள் அந்தக் கீரைக்காரம்மா வருகிற இடத்தை ரீவைண்ட் பண்ணிப் போடச் சொல்லிக் கேட்பார்களாம், திருநெல்வேலிக்காரர், கீழக்கரைக்காரர் எல்லோரும். பெரம்பூர்க் கீரைக்காரம்மா எங்களைவிட அந்த அறையில்தான் பிரபலம். அந்த கேசட்டில் ஒன்றிரண்டு இன்னும் பெரியப்பாவின் பீரோவில் இருக்கிறது, போட்டுக் கேட்க இப்போது மிஷின்தான் இல்லை.

டிரேட் சென்டர் கதையைச் சொல்லாமல் அவரைத் தாண்ட முடியாது. எழுபதுகளின் கடைசியில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு அங்கே வயரிங் வேலை வந்தது. 39 மாடி. ஊர் முடிந்து வெகுதூரம் போய் மணலுக்கு நடுவில், சுற்றி ஒரு டீக்கடைகூட இல்லாத இடத்தில். மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் வெறும் மணல். 'யாரோ ஷேக்குக்குத் தப்பா கணக்கு சொல்லிட்டாங்க, இங்க வந்து எவன் ஆபீஸ் போடுவான்னு நாங்க பேசிக்குவோம்.' 1979 பிப்ரவரியில் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். அதே பயணத்தில் ஊருக்கு 35 கிலோமீட்டர் தள்ளி ஜெபல் அலியில் ஒரு பிரம்மாண்டமான துறைமுகத்தையும் திறந்துவைத்தார். அதையும் பார்த்து ஊரே தலையைச் சொறிந்தது. ஆனால் அன்றைக்கு துபாயை ஆண்ட ஷேக் ராஷிதின் வழக்கமே அதுதான் என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் கிடைத்தது 1966ல், அதற்கு முன்பே குவைத்திடம் கடன் வாங்கி கிரீக்கைத் தூர்வாரி ஆழப்படுத்தி வைத்திருந்தார். வியாபாரி வருவதற்கு முன்னால் கடையைத் திறந்து வைப்பது. கூவத்தைத் தூர்வாருவதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிற வருஷங்களை நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும். அங்கே ஒரு ஆள் முடிவெடுத்தால் போதும், கேள்வி கேட்க ஆள் கிடையாது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும், சரி.

நான் போனது 1984ல், ஐந்து வயதில். அப்பா ஒரு டிரேடிங் கம்பெனியில் கணக்கு எழுதினார். குடும்பத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள அப்பாவின் சம்பளம் இடம் கொடுத்தது, பெரியப்பாவின் சம்பளம் கடைசிவரை இடம் கொடுக்கவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே ஊரில், தம்பிக்கு கராமாவில் ஃபிளாட், அண்ணனுக்கு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்குகிற அறையில் ஒரு கட்டில். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கையில் ஒரு குபூஸ் ரொட்டி பாக்கெட்டோ ஆரஞ்சுப் பையோ இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அம்மா எங்களையெல்லாம் ஹாலுக்குத் துரத்தி, டிவியை நிறுத்தி, படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுவாள். 'பெரியப்பா தூங்கட்டும், சத்தம் போட்டா தோலை உரிச்சுடுவேன்.' வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் வேறு யாருடைய குறட்டையும் கேட்காமல் ஒரு அறையில் தனியாகத் தூங்கியது. இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது. அப்போது ஒளியும் ஒலியும் கேசட்டைப் பார்க்கவிடாமல் கெடுக்கிறாரே என்றுதான் கோபம்.

எங்கள் வீட்டு ஓனர் உள்ளூர் அரபி. வயதானவர், மாலையில் கட்டடத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் பம்பாயில் வியாபாரம் பண்ணியவராம், அவருடைய ஹிந்தி என் அம்மாவின் ஹிந்தியைவிட எவ்வளவோ மேல். வாடகைப் பணத்தை அவர் ரூபாய் என்றுதான் சொல்வார். அதில் ஆச்சரியமில்லை, 1966 வரை அந்த ஊரில் புழங்கியது இந்திய ரூபாய்தான். 1959லிருந்து வளைகுடாவுக்கென்றே தனி நோட்டை நம் ரிசர்வ் வங்கி அடித்துக் கொடுத்தது. அப்புறம் சில வருஷம் ரியால், 1973ல்தான் திர்ஹாம். அவர் முத்துக்குளித்தவர்களின் பரம்பரை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊர் எங்கே முடிந்தது என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் கையைக் காட்டினார்: கராமாவே மணல், இந்தக் கட்டடம் மணல், நீ நிற்கிற இடமும் மணல். மின்விளக்கு வந்ததே 60களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் கோடையில் பனைஓலைக் குடிசைகளுக்கு மாறிவிடுவார்களாம். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் மேலே காற்றுக் கோபுரம் என்று ஒன்று இருக்கும், எந்தப் பக்கத்துக் காற்றையும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குகிற மாதிரி நான்கு பக்கமும் திறந்த கூண்டு. நாங்கள் ஜன்னல் ஏசியைப் போட்டுக்கொண்டு அவருக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஏசித் தண்ணீர் சொட்டி அவருடைய நாற்காலி இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

என் துபாய் டிஃபென்ஸ் ரவுண்டபவுட்டோடு முடிந்தது. பெரியப்பா வயரிங் பண்ணிய டிரேட் சென்டரைத் தாண்டி, பெரிய சிவப்பு எழுத்தில் விளம்பரம் வைத்த டொயோட்டா பில்டிங்கையும் தாண்டினால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அபுதாபி போகிற சாலை, இரண்டு பக்கமும் மணல், ஒட்டகம் குறுக்கே வரும் என்று எச்சரிக்கைப் பலகை. அதைப் பார்த்ததும் காருக்குள் நாங்கள் ஒட்டகத்தைத் தேட ஆரம்பிப்போம். இப்போது புர்ஜ் கலீஃபா நிற்பது அந்த ரவுண்டபவுட்டுக்குப் பக்கத்தில். 828 மீட்டர். நாங்கள் ஒட்டகம் தேடிய இடம் அது.

முகவரி என்று ஒன்று கிடையாது. தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார், எல்லாக் கடிதமும் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான். வீட்டுக்கு யாரையாவது கூப்பிட்டால் மீன் ரவுண்டபவுட், கடிகாரக் கோபுரம் என்று அடையாளம் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். அடையாளத்தை இடித்துவிட்டால் புது அடையாளம். கட்டடங்களுக்கு நடுவில் காலி மணல்மனைகள் நிறைய இருந்தன, அவைதான் எங்கள் விளையாட்டு மைதானம். ஒரு மனையில் கம்பி வேலி போட்டால் அடுத்த மனைக்குப் போவோம், அங்கேயும் போட்டால் அதற்கடுத்தது. நான் ஊரைவிட்டு வரும்போது கராமாவில் கிரிக்கெட் விளையாட பார்க்கிங் லாட்தான் மிச்சம்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னால் சென்னையில் யாரும் நம்பமாட்டார்கள். ஆறு கிடையாது, ஏரி கிடையாது, மழை கணக்கில் சேராது, ஆனால் குழாயைத் திறந்தால் நாள் முழுக்கத் தண்ணீர். எல்லாம் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீர். மீஞ்சூரில் நமக்கு அது 2010ல்தான் வந்தது. அங்கே பிரச்சினை தண்ணீர் வராதது இல்லை, கொதிக்கிறது. மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து ஜூலையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கையில் கொப்புளம் வரும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மே மாதம் வந்ததும் கீசரின் சுவிட்சை அணைத்துவிட வேண்டியது. கீசர் வீட்டுக்குள்ளே ஏசிக் குளிரில் இருக்கிறது, அதற்குள் நிற்கிற தண்ணீர் ஆறிக் குளிர்ந்திருக்கும். ஆக கோடை முழுக்கச் சூடான தண்ணீர் வேண்டுமானால் நீலப் புள்ளி வைத்த குழாய், குளிர்ந்த தண்ணீர் வேண்டுமானால் சிவப்புப் புள்ளி வைத்த குழாய். விடுமுறைக்குச் சென்னை வந்தால் நானும் தம்பியும் தாத்தா வீட்டில் குழாயை மாற்றித் திறப்போம். இங்கே ஒரே குழாய்தான், அதிலும் காற்றுதான் வரும், அடிபம்பில் அடித்து எடுத்துக்கொண்டுவர வேண்டும் என்பது வேறு கதை.

வியாழக்கிழமை ராத்திரி ஊருக்கு ஃபோன். ராத்திரியில் கட்டணம் குறைவு. தாத்தா வீட்டில் ஃபோன் இல்லை, நான்கு வீடு தள்ளி ஒரு டாக்டர் வீட்டு பிபி நம்பர்தான். நாம் கூப்பிட்டு, அவர்கள் எடுத்து, வேலைக்காரப் பெண்ணை அனுப்பி, பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடிவருகிறவரைக்கும் அப்பா வைத்திருந்த காசு இறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டி வந்ததும் கேட்கிற முதல் கேள்வி 'சாப்டியா?' இரண்டாவது 'எப்ப வர்றே?' அதற்குள் லைன் கட்.

அட்டைப்பெட்டி கட்டுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நைலான் கயிறு, மார்க்கர் பேனாவில் பெரிய எழுத்தில் பெயர், கோடாலித் தைலம், டாங், நிடோ பவுடர், மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது. எனக்கு அதில் ஞாபகம் இருப்பது அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. பெரியப்பா கொண்டுவந்த விசிஆரை விலை பேச பர்மா பஜாரிலிருந்து ஒருவர் வீடு தேடி வருவார், எங்கள் பாட்டி அவரிடம் பேரம் பேசுவார். அந்தக் காசில்தான் பெரியப்பாவின் திரும்பிப் போகிற டிக்கெட். பெட்டியைத் திறக்கும்போது தெருவே வேடிக்கை பார்க்கும், விற்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பள்ளி முடிந்ததும் 1997ல் என்னைக் கல்லூரிக்குச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளின் கதை அப்போது அதுதான். பதினெட்டு வயதில் பெட்டியோடு, தமிழ் சரியாக எழுதவராமல், பேச்சில் பாதி மலையாளமும் ஹிந்தியுமாக வந்து இறங்குவது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒரு வருஷத்தில் பழகிவிட்டது.

மறுபடி போனது 2004ல், கல்யாணத்துக்குப் பிறகு. என் கணவருக்குக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் வேலை. அந்த ஐந்து வருஷத்து துபாயை என்னால் இன்றும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஊர் எங்கே முடிந்தது என்று என்னைக் கேட்டால் தெரியாது, அது முடியவே இல்லை. மணலுக்கு நடுவில் எங்கு பார்த்தாலும் விளம்பரப் பலகை நிற்கும், இங்கே இன்ன நகரம் வரப்போகிறது என்று. கடலுக்குள்ளும் ஈச்சமர வடிவத்தில் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்துக் கிரேன்களில் கால்வாசி இங்கேதான் நிற்கிறது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், யார் போய் எண்ணினார்களோ. சின்ன வயதில் வளர்ந்த ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்று ஆசையாகப் போனவளுக்குக் கராமாவைத் தவிர எதுவும் அடையாளம் தெரியவில்லை. துபாயில் வாடகை கட்டுப்படியாகவில்லை. 2005 கடைசியில் வருஷத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அரசாங்கமே வரம்பு வைக்கும் அளவுக்குப் போனது. நாங்கள் ஷார்ஜாவில் வீடு எடுத்தோம், எங்களோடு பாதி இந்தியாவும் எடுத்தது. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வருகிற அந்த ஒரு சாலையில் காலையில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம். அதனால் என் வீட்டுக்காரர் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிப் போய், ஆபீஸ் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்து எட்டு மணிவரை தூங்கிவிட்டு, நான் கட்டிக்கொடுத்த இட்லியைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். அவர் மட்டும் இல்லை, பார்க்கிங் முழுக்க அப்படித் தூங்குகிற ஆட்கள். உலகத்திலேயே உயரமான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஊரில் இன்ஜினியர்கள் காரில் தூங்கினார்கள். கட்டுகிற தொழிலாளிகள் சோனாப்பூர் கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில், பெரியப்பா 1974ல் படுத்த அதே அடுக்குக் கட்டிலில். ஒரு வித்தியாசம் வந்திருந்தது, கோடை மாதங்களில் உச்சி வெயிலில் மத்தியானம் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டம். பெரியப்பாவிடம் சொன்னபோது, 'மூணு மணி வரைக்குமா? நிஜமாவா?' என்று கேட்டார்.

2008 கடைசியில் எல்லாம் நின்றது. நின்றது என்றால் நிஜமாகவே, ஜன்னலில் தெரிகிற கிரேன் நகராது. சூப்பர் மார்க்கெட் வாசலில் அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு, வழக்கமாக பெட் ஸ்பேஸ், ட்யூஷன் என்று இரண்டு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தக் குளிர்காலத்தில் அதில் இடமே இல்லை. சோஃபா விற்பனைக்கு, தொட்டில் விற்பனைக்கு, கார், உடனே கிளம்புகிறோம். மகளின் வகுப்பில் வாரம் ஒரு குழந்தை குறைந்தது. வீட்டுக்காரரின் கம்பெனி கடைசி மூன்று மாதச் சம்பளத்தை இதோ அதோ என்று இழுத்து, அதில் பாதிதான் கைக்கு வந்தது. அப்போது விசா கேன்சல் ஆனால் முப்பது நாளுக்குள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. 2009 செப்டம்பரில் மெட்ரோ ஓட ஆரம்பித்திருந்ததால், கிளம்புவதற்கு முன் மகள் ஆசைப்பட்டாளே என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சும்மா போய்வந்தோம். டிசம்பரில் சென்னை. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மைகள் ஒரு டஜன் வாங்கிவந்திருந்தேன், அதில் கோபுரத்தின் படம் போட்டு 'புர்ஜ் துபாய்' என்று எழுதியிருக்கும். 2010 ஜனவரி 4ஆம் தேதி திறப்புவிழாவை இங்கே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதே அதன் பெயரை புர்ஜ் கலீஃபா என்று மாற்றிவிட்டார்கள். அபுதாபி கடன் கொடுத்துக் காப்பாற்றியதற்கு நன்றி என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். காந்தப் பொம்மைகளை அப்படியே சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஊரில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள். வேலை இருந்தால் விசா, விசா இருந்தால் வீடு. எத்தனை வருஷம் இருந்தாலும் அறுபதை ஒட்டி ஒருநாள் கேன்சல் அடித்துக் கிளம்ப வேண்டியதுதான் என்பது எங்கள் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அதனால் அங்கே எப்போதும் ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வந்து ஐந்து பத்து வருஷம் ஆனவர்கள்தான். 1974ஐப் பார்த்த ஆள் வேண்டுமென்றால் பெரம்பூருக்கு வரவேண்டும், இல்லையென்றால் கோழிக்கோட்டுக்கோ கராச்சிக்கோ போகவேண்டும். துபாய் மியூசியத்தில் ஈச்ச ஓலைக் குடிசையும் முத்துக்குளிப்பும் பொம்மையாக வைத்திருந்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 39 மாடிக்கு ஒயர் இழுத்தவனின் அடுக்குக் கட்டிலை அங்கே நான் பார்க்கவில்லை. அந்தப் பகுதி இங்கே மண்ணடியில், பெரியப்பாவின் பழைய ரூம்மேட்டான கீழக்கரை பாயின் கடையில் இருக்கிறது. வாரம் ஒருநாள் பெரியப்பா பஸ் பிடித்துப் போய் அங்கே உட்காருவார். இரண்டு பேரும் இன்னும் நாசர் ஸ்கொயர் என்றுதான் சொல்வார்கள், அது பனியாஸ் ஸ்கொயர் ஆகி எத்தனையோ காலமாயிற்று. பாய் 1993ல் திரும்பியவர். கரண்ட் பில் வந்தால் இன்றைக்கும் மனசுக்குள் எட்டரையால் வகுத்துத் திர்ஹாமில் பார்க்கிறார். நான் பன்னிரண்டரையால் வகுப்பேன். இன்றைய விலை இருபத்திரண்டுக்கு மேல் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் மனசு கேட்பதில்லை. 'எங்க புள்ளைங்க போறாங்க, வர்றாங்க, படம் காட்டுறாங்கண்ணே. ஒரு படத்துலயாச்சும் நமக்குத் தெரிஞ்ச இடம் வருதா?' என்று பாய் பெரியப்பாவிடம் கேட்பார். சில சமயம் அப்ரா வரும். உடனே கட்டணச் சண்டை ஆரம்பமாகிவிடும்.

பெரியப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, இப்போது அங்கேதான் இருக்கிறான். 2013ல் அப்பாவையும் அம்மாவையும் விசிட் விசாவில் அழைத்துக்கொண்டு போனான். கேசட்டில் பேசிய காலத்திலிருந்து பெரியம்மா அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெட்ரோவில் போகும்போது அவன் புர்ஜ் கலீஃபாவைக் காட்டிக்கொண்டிருக்க, பெரியப்பா எதிர்ப்பக்க ஜன்னலில் டிரேட் சென்டரைத் தேடிக்கொண்டிருந்தாராம். சுற்றி நிற்கிற கோபுரங்களுக்கு நடுவில் அது குட்டையாக, ஏதோ பழைய பள்ளிக்கூடக் கட்டடம் போலத் தெரிந்திருக்கிறது. பெரியம்மாவிடம் காட்டி, உள்ளே எத்தனையாவது மாடியில் எந்த ஷாஃப்ட் வழியாகக் கேபிள் இறங்குகிறது என்று விளக்க ஆரம்பித்தவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டாராம். பழைய 100 திர்ஹாம் நோட்டின் பின்பக்கம் அந்தக் கட்டடத்தின் படம்தான். ஒரு நோட்டை மாற்றாமல் கொண்டுவந்து பர்ஸில் வைத்திருக்கிறார். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, 'ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபா சும்மா கிடக்குது' என்று இப்போதும் சொல்வார்.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி அங்கே பெய்த மழை ஒரு தனிக் கூத்து. வருஷம் முழுக்க 100 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில் ஒரே நாளில் கொட்டித்தீர்த்தது, 1949ல் பதிவெடுக்க ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஒரு மழை இல்லையாம். விமான நிலையத்தில் ஓடுபாதை ஏரியாகி விமானங்கள் படகு போல நகர்ந்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நமக்கு அப்போது மிக்ஜாம் புயல் முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி வீடியோ போட்டான், அவ்வளவுதான், பெரம்பூர், வேளச்சேரி, முடிச்சூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் அறிவுரை குவிய ஆரம்பித்தது. காரை எடுத்துப் பாலத்து மேலே நிறுத்து. லிஃப்ட்டில் போகாதே. பக்கெட், குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வை. பால் பாக்கெட், மெழுகுவத்தி, பவர் பேங்க். வேளச்சேரி அத்தை தன் வீட்டு அனுபவத்திலிருந்து தண்ணீர் வடிந்த பிறகு ஃபிரிட்ஜை எத்தனை நாள் கழித்துப் போடலாம் என்பதுவரை குரல்பதிவு அனுப்பினார். பாலைவனத்தில் பத்தொன்பதாவது மாடியில் இருக்கிறவன் எல்லாவற்றுக்கும் சரி அத்தை, சரி அத்தை என்று பதில் போட்டுக்கொண்டிருந்தான். அடித்தளப் பார்க்கிங்கில் இருந்த அவன் கார் முழுகியது என்பதை மறுநாள்தான் சொன்னான். பாலத்து மேலே நிறுத்தச் சொன்னோமே என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள்.

இப்போது அவன் வீடு வாங்கப் பார்க்கிறான். ஜெபல் அலிக்கும் அப்பால், புதிய பெரிய விமான நிலையம் வரப்போகிற பக்கம். வரைபடத்தில் இடத்தைக் காட்டியதும் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'இது அபுதாபி இல்ல?' என்றார். இல்லப்பா, இதுவும் துபாய்தான், பத்து வருஷத்துல ஊரே இங்க வந்துடும் என்று அவன் விளக்கினான். இப்போதெல்லாம் முன்மாதிரி இல்லை, 55 வயதானவர்களுக்கு ஓய்வுக்கால விசா என்று ஒன்று கொடுக்கிறார்கள், சொந்த வீடோ கணிசமான சேமிப்போ இருந்தால் வேலை இல்லாமலேயே இருந்துகொள்ளலாம், நீங்களும் அம்மாவும்கூட வந்து இருக்கலாம் என்றான். பெரியப்பா கேன்சலில் திரும்பியபோது அவருக்கு 51 வயது, கையில் இருந்தது பெரம்பூரில் கட்டிய இரண்டு மாடியும் கொஞ்சம் முதுகுவலியும்.

எவ்வளவு சேமிப்பு இருக்கணும் என்று கேட்டார். அவன் திர்ஹாமில் ஒரு தொகை சொன்னான். பெரியப்பா பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்து, பரவாயில்லையே என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'பன்னெண்டு இல்லப்பா, இப்போ இருபத்திரண்டுக்கும் மேல' என்றான் தம்பி. அதற்குப் பிறகு பேச்சு மாடியில் குடியிருப்பவர்களின் வாடகையை ஏற்றுவதா வேண்டாமா என்பதற்குப் போய்விட்டது.